240 போல்ட்டுக்கு மூன்று நடை

நேற்று மாலை நாலே முக்காலுக்குத்தான் சரக்கு வரவுச் சீட்டில் சீல் விழுந்தது. அதை மூன்று ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை பைக் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். ஒரு கையெழுத்துக்காக நாற்பது கிலோமீட்டர் தூரத்துக்கு மூன்று தடவை போய்வந்தவன் அப்படித்தான் செய்வான்.

ராமநாதபுரத்தில் ஒரு இண்டஸ்ட்ரியல் சப்ளை கம்பெனியில் ஒன்றரை வருடமாக வேலை பார்க்கிறேன். போல்ட், நட்டு, பேரிங், வால்வு, வெல்டிங் ராடு என்று ஆலைக்கும் படகுக்கும் வேண்டியதெல்லாம் கிடைக்கும். விசிட்டிங் கார்டில் ‘சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ்’ என்று போட்டிருக்கும். கொட்டேஷன் போடுவதும் நான், பெட்டி தூக்குவதும் நான், காசு கேட்டுத் திட்டு வாங்குவதும் நான்.

ஒரு ஆலையிலிருந்து அந்த 240 போல்ட் ஆர்டர் வந்த நேரம் சரியில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையேறி மராமத்து நடக்கும். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என்று எல்லாப் பக்கமிருந்தும் மெக்கானிக்குகள் கவுண்டரில் நிற்பார்கள். எங்களுக்கு தீபாவளி என்றால் அதுதான். அவர்கள் கணக்கு நூலில் இருக்கும். எட்டு நூல் ஒரு இஞ்ச். “தம்பி, அஞ்சு நூல் போல்ட் இருபது” என்றால் அஞ்சில் எட்டு இஞ்ச், அதாவது 15.9 மில்லிமீட்டர். ஆலைக்காரர்கள் கேட்பது எம்16, அதாவது 16 மில்லிமீட்டர் போல்ட். கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் எம்16-க்கு மரை இடைவெளி 2 மில்லிமீட்டர், அஞ்சு நூலுக்கு இஞ்சுக்கு 11 மரை, அதாவது 2.3 மில்லிமீட்டர். நட்டு ஒன்றிரண்டு சுற்று நன்றாகவே ஏறும், அப்புறம் கடித்துக்கொள்ளும். சேர்ந்த புதிதில் இதை மாற்றிக் கொடுத்து ஒரு படகு ஓட்டுநரிடம் வாங்கிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

மே மாதம் அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் ஆலை ஆர்டர். ஆலை எது என்று கேட்காதீர்கள். கடல் தண்ணீரை பம்ப் போட்டு இழுக்கிற ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு இஞ்ச் குழாய்க்கு 30 பிளாஞ்ச் ஜாயிண்ட், அதாவது குழாய் முனைகளில் உள்ள வட்டத் தகடுகளை போல்ட் போட்டு இணைக்கிற இடம். ஒவ்வொன்றிலும் எட்டு ஓட்டை. ஆக எம்16 எஸ்எஸ் 316 போல்ட் 240 செட். எஸ்எஸ் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 316 அதில் ஒரு ரகம். விலை பேசியது, பர்ச்சேஸ் ஆர்டர் வந்தது, சென்னையிலிருந்து பார்சல் சர்வீஸில் சரக்கு இறங்கியது எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்துவிட்டது. மீதிக் கதைதான் மூன்று வாரம்.

முதல் நடை. கேட்டிலேயே செருப்பைப் பார்த்துவிட்டார்கள். சேஃப்டி ஷூ இல்லாமல் உள்ளே விட மாட்டார்களாம். மினி லாரி அண்ணன் தன் ஷூவைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு சைஸ் பெரிது, அதையும் மாட்டிக்கொண்டேன். அடுத்தது இ-வே பில், சரக்கு வண்டியில் போகும்போது ஜிஎஸ்டிக்காக ஆன்லைனில் எடுக்கிற சீட்டு. தமிழ்நாட்டுக்குள்ளேயே போகிற சரக்குக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தால்தான் இ-வே பில் வேண்டும், எங்கள் பில் அதில் பாதிகூட இல்லை. எடுத்துச் சொன்னேன். “அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி, கம்ப்யூட்டர்ல நம்பர் கேட்குது” என்றார் செக்யூரிட்டி. கடைக்கு போன் போட்டால் கணக்கு பார்க்கிற அக்கா சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்து நம்பர் அனுப்புவதற்குள் மணி மூன்றேகால். மூன்று மணிக்கு மேல் சரக்கு உள்ளே எடுக்க மாட்டார்கள். சட்டம் நம் பக்கம் இருந்தும் லாரி வாடகை நம் தலையில். இப்போதெல்லாம் பத்தாயிரம் ரூபாய் சரக்குக்கும் இ-வே பில் போட்டுவிடுகிறோம். கட்டாயம் இல்லாவிட்டாலும் நாமாகப் போட்டுக்கொள்ளலாம், தடை ஒன்றும் இல்லை.

இரண்டாவது நடையில் ஸ்டோர் வரைக்கும் போய்விட்டேன். அங்கே இருந்த சார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார். பிறகு நாலு பெட்டியையும் பிரிக்கச் சொன்னார். ஒவ்வொன்றிலும் அறுபது. மூன்று பெட்டியைத் தாண்டி நாலாவதில் கை விட்டு ஒரு போல்ட்டை எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தலையைப் படித்தார்.

“இது என்ன போட்டிருக்கு, வாசிங்க.”

ஏ2-70 என்று இருந்தது.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பையிலிருந்து காந்தத்தை எடுத்து, “ஒட்டலை பாருங்க சார், நல்ல எஸ்எஸ்” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! காந்தத்தில் பெரிதாக ஒட்டாத குணம் 304 என்கிற இன்னொரு எஸ்எஸ் ரகத்துக்கும் உண்டு, 316-க்கும் உண்டு. அதை வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. 316-இல் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கும், கடல் உப்பு அரிப்பைத் தாங்குவது அதனால்தான். 304-ஐக் கடல் தண்ணீரில் விட்டால் புள்ளி புள்ளியாகக் குழி விழும். தலையில் ஏ4 என்றால் 316 வகை, ஏ2 என்றால் 304 வகை. இதெல்லாம் டிப்ளமோவில் படித்ததுதான். ஆனால் பெட்டி லேபிளில் 316 என்று அச்சடித்திருந்ததால் நான் பெட்டியைத் திறக்கவே இல்லை.

அறுபது போல்ட் தப்பு. மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த கோபம் பாதியில் நின்றுபோனது. சொன்னது சரி. அதற்காக முக்கால் மணி நேரம் நிற்க வைத்ததும் சரியாகிவிடாது.

சென்னைக் கடைக்காரர் “மாறிப் போயிருக்கும் சார்” என்று சாதாரணமாகச் சொன்னார். புது அறுபது வர நாலு நாள். பார்சல் செலவு எங்களுடையது. இந்தத் தடவை கடைத் தரையில் உட்கார்ந்து 240 தலையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். புது அறுபதுக்கு ஹீட் நம்பர், அதாவது இரும்பை உருக்கிய தொகுதியின் எண், வேறு, அதனால் அதற்குத் தனியாக டெஸ்ட் சர்டிஃபிகேட் கேட்டு வாங்கினேன். இது முக்கியம், பழைய சர்டிஃபிகேட்டையே நீட்டியிருந்தால் இன்னொரு நடை ஆகியிருக்கும்.

மூன்றாவது நடை, நேற்று. சொந்த ஷூ, இ-வே பில், இரண்டு சர்டிஃபிகேட், எல்லாம் இருக்கிறது. சார் தலையைப் பார்த்தார், சர்டிஃபிகேட்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் பில்லைப் பார்த்தார். ஆர்டரில் ‘240 செட்’ என்று ஒரே வரி. எங்கள் பில்லில் போல்ட் 240, நட்டு 240, வாஷர் 480 என்று மூன்று வரி. “ஆர்டர்ல இருக்கிற மாதிரி ஒரே வரியா வேணும், சிஸ்டம் எடுக்காது.” வாசலில் சீமைக்கருவேல நிழலில் நின்று முதலாளிக்கு போன் போட்டேன். அழுகை வராத குறை.

பழைய பில்லை ரத்து செய்து, புதிதாக ஒரே வரியில் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினார் அக்கா. பிரிண்ட் எடுக்க ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே போனால் கரண்ட் இல்லை. நாலு மணிக்கு வந்தது. லாரி அண்ணன் ஓட்டிய ஓட்டத்துக்கு அவருக்கு இன்னும் டீ வாங்கித் தரவில்லை. நாலே முக்காலுக்கு சீல்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று: பில் போடும் முன் ஆர்டர் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளவு, அலகு, எத்தனையாவது வரி என்கிற லைன் நம்பர் மூன்றையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இன்னொன்று, எஸ்எஸ் நட்டை மெஷின் வைத்து வேகமாக முறுக்கினால் மரையோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஒட்டாமல் இருக்க மரையில் அதற்கான பேஸ்ட் தடவிக் கையால் முறுக்கச் சொல்லிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ‘உங்க போல்ட் மட்டம்’ என்று போன் வரும்.

பணம் சீல் விழுந்த தேதியிலிருந்து முப்பது நாள் கழித்து. அதாவது அவர்கள் கணக்கில் நேற்றுதான் சரக்கே வந்திருக்கிறது. சிறு தொழில்களுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே என்று முதலாளி ஆடிட்டரிடம் கேட்டார். அது உற்பத்தி செய்கிறவர்களுக்கும் சேவை தருகிறவர்களுக்கும்தான், வாங்கி விற்கிற நமக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்.

அந்த ஏ2 போல்ட் அறுபதும் கவுண்டருக்கு அடியில்தான் கிடக்கிறது. சென்னைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். பெட்டி மேல் இருந்த 316 லேபிளைக் கிழித்துவிட்டு, ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக ‘304, கடலுக்கு ஆகாது’ என்று எழுதி வைத்திருக்கிறேன். காலையில் அதைப் பார்த்த முதலாளி, “இப்படி எழுதி வச்சா யாருப்பா வாங்குவா?” என்றார்.