இனிஷியலில் சிக்கிய தத்தெடுப்பு

நான் டெல்லி ஆர்.கே.புரத்தில் வளர்ந்தவள். கல்யாணமாகி நியூ ஜெர்சி வந்து பதின்மூன்று வருடம் ஆகிறது. இந்தியாவிலிருந்து குழந்தையைத் தத்தெடுக்கிறோம் என்றதும் அம்மா, "காரா ஆபீஸ் நம்ம ஆர்.கே.புரத்துலதானே இருக்கு, நேர்ல போய்க் கேட்டா ஆகாதா?" என்றாள். காரா என்பது தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு. நேரில் போனால் ஆகாது. எல்லாம் இணையப் பதிவு, வரிசை. வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி வழியாகத்தான் வர வேண்டும். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் ஒப்பந்தத்தில் இரண்டு நாடும் இருப்பதால் இரண்டு அரசும் சம்மதிக்க வேண்டும்.

வீட்டு ஆய்வை நினைத்துப் பயந்து அலமாரியெல்லாம் ஒழித்து வைத்தோம். வந்த சமூகப் பணியாளர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. சண்டை போட்டால் முதலில் பேசுவது யார் என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் "நான்தான்" என்றோம்.

2023 தொடக்கத்தில் ஒரு ராத்திரி ஐந்து வயதுப் பெண்ணின் விவரம் வந்தது. 96 மணி நேரத்துக்குள் அவளை எங்களுக்காக ஒதுக்கிவைக்கச் சொல்ல வேண்டும். ஏற்க 30 நாள். குழந்தை மருத்துவர் உயரம், எடை, தலைச் சுற்றளவு பார்த்து, "சத்துக் குறைவுதான்" என்றார். போட்டோவில் அவள் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு போட்டிருந்தாள். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழந்தையை அழைத்துவர அமெரிக்கக் குடிவரவுத் துறைக்குத் தரும் ஐ-800 மனு, தூதரகக் கடிதம், காராவின் தடையில்லாச் சான்று எல்லாம் மெதுவாக நகர்ந்தன. மாட்டியது என் கணவரின் இனிஷியலில். அமெரிக்க பாஸ்போர்ட்டில் மாமனார் பெயர் சர்நேமாக முழுசாக இருக்கிறது. மதுரையில் வாங்கிய கல்யாணச் சான்றிதழில் வெறும் 'ஆர்.' 2022 செப்டம்பரிலிருந்து தத்து உத்தரவைத் தருவது கோர்ட் இல்லை, மாவட்ட மாஜிஸ்திரேட். அதற்கான காகிதங்களைச் சரிபார்த்தவர், "இவர் வேறு ஆள், அவர் வேறு ஆள்" என்று ஒதுக்கிவிட்டார். எங்கள் ஊரில் சர்நேம் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் என்று அரை மணி நேரம் இந்தியில் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, சர்நேம் என்ன?" என்றார். இரண்டு பெயரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரம் கொடுத்து முடிக்க 19 நாள் போனது. விண்ணப்பிக்கும் தமிழர்கள் முதல் வேலையாக எல்லாச் சான்றிதழிலும் பெயரை பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பாருங்கள்.

உத்தரவு, எங்கள் பெயரோடு பிறப்புச் சான்றிதழ், அவளுக்குப் பாஸ்போர்ட் எல்லாம் கிடைத்தபின் விசாவுக்காக மூன்று வாரம் அம்மா வீட்டில் இருந்தோம். குழந்தைக்கு இந்திதான் தெரியும். முதல் நாலு நாள் தலையணைக்குப் பக்கத்தில் செருப்பை வைத்துக்கொண்டே தூங்கினாள். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் என் கணவர் தன் மதுரை இந்தியில் டம்ளரை நீட்டி, "பானி பியேகா?" (தண்ணீர் குடிக்கிறாயா?) என்றார். பையனிடம் கேட்கிற மாதிரி. அவள் நிமிர்ந்து, "பியேகா நஹி, பியேகி!" என்றாள். அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். அப்புறம் நாள் முழுக்கத் திருத்திக்கொண்டே இருந்தாள்.

இந்தியாவிலேயே தத்தெடுப்பு முடிந்த குழந்தைக்குத் தரும் ஐ.எச்-3 விசா என்பதால் விமானம் இறங்கி உள்ளே நுழைந்ததுமே குடியுரிமை. அவள் பெயரை நாங்கள் மாற்றவில்லை. தாத்தா பெயர் மட்டும் சர்நேமாகப் பின்னால் ஒட்டிக்கொண்டது. இரண்டு வருடம் கண்காணிப்பு அறிக்கை அனுப்ப வேண்டும், முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒன்று, அடுத்த வருடம் ஆறு மாதத்துக்கு ஒன்று. கடைசி அறிக்கை அடுத்த மாதம். அதற்கும் அந்த இனிஷியல் பிரமாணப் பத்திரத்தின் நகல் ஒன்று கேட்டிருக்கிறார்கள்.