கோதுமையை நிறுத்தியாச்சு, தெம்பு எங்கே?

எனக்குச் சீலியாக் என்று உறுதியான கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சேதமாகும் நோய் அது. ரத்தத்தில் அதைக் காட்டிக்கொடுக்கும் டி.டி.ஜி. என்ற எதிர்ப்பொருள் எகிறியிருந்தது, எண்டோஸ்கோப்பி எடுத்தார்கள், பயாப்ஸியில் தெரிந்துவிட்டது. எல்லாம் மளமளவென்று நடந்தது. மருத்துவர்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை, கடைசியாகச் சொன்ன ஒன்றைத் தவிர: "கோதுமை, பார்லி, ரை மூணையும் விட்டுடுங்க மேடம், மத்ததெல்லாம் தானா சரியாயிடும்."

விட்டேன். வயிறு அடங்கிவிட்டது, உப்புசம் போய்விட்டது, பார்க்கிறவர்கள் எல்லாம் முகம் தெளிந்திருக்கிறது என்றார்கள். ஆனால் குளித்துவிட்டுத் தலை துவட்டக் கையைத் தூக்கினால் தோள் கெஞ்சும். மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று செல்போனில் ஏதோ முக்கியமாகப் படிப்பதுபோல் பாவனை செய்வேன், மூச்சு வாங்குவது பின்னால் வருபவர்களுக்குத் தெரியக்கூடாதே என்று. தானாகச் சரியாகும் என்று மாதக்கணக்கில் காத்திருந்ததுதான் மிச்சம்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. குளூட்டனை நிறுத்தினால் குடலுறிஞ்சிகள், அதாவது சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல்கள், மேலும் தேய்வது நிற்கும், மெல்ல வளரவும் தொடங்கும். பெரியவர்களுக்கு அது முழுதாக ஆற இரண்டு வருடம்கூட ஆகலாம், சிலருக்கு அதற்கு மேலும். அதற்குள் உடம்பு பல வருடமாக இழந்த இரும்பு, வைட்டமின் டி, பி12, ஃபோலேட், துத்தநாகம் எல்லாவற்றையும் யார் நிரப்புவது? அதுவும் இரும்புச்சத்து பெரும்பாலும் உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில், சீலியாக் முதலில் கைவைப்பதும் அங்கேதான்.

சரி, பரிசோதனை செய்வோம் என்று போனால் அங்கே ஆரம்பித்தது கூத்து. சீட்டில் "இரும்பு" என்று மட்டும் எழுதியிருந்தது. ஆய்வகத்தில் ரத்தத்தில் ஓடும் இரும்பின் அளவை மட்டும் பார்த்து, நார்மல் என்று கொடுத்துவிட்டார்கள். அந்த அளவு நாம் சாப்பிட்டதைப் பொறுத்தும் நேரத்தைப் பொறுத்தும் ஏறி இறங்கும். உடம்பின் இருப்பைச் சொல்வது ஃபெரிட்டின். அதைப் போடவில்லையே என்று கவுண்டரில் கேட்டால், அந்தப் பெண் தலையைக்கூட நிமிர்த்தாமல் "ரெண்டும் ஒண்ணுதான் மேடம்" என்றார். ஒன்றில்லை என்றேன். அப்படியானால் தனிச் சீட்டு வாங்கி வாருங்கள் என்றார். மருத்துவர் விடுமுறை. அன்றைக்கு ரத்தம் கொடுத்த கையைத் தேய்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

ஒருவழியாக ஃபெரிட்டின் பார்த்தபோது 13. அந்த ஆய்வகத்தின் கீழ் வரம்பு 11. அதனால் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தும் இல்லை, அம்புக்குறியும் இல்லை, ஹீமோகுளோபினும் வரம்புக்குள். யாராவது மேலோட்டமாகப் புரட்டியிருந்தால் "எல்லாம் நார்மல்" என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். நல்லவேளை, இந்தமுறை பார்த்தவர் 30க்குக் கீழே இருந்தாலே பற்றாக்குறை என்று எடுத்துக்கொள்கிற ரகம். ரத்தசோகை வராமலேயே இரும்பு குறைந்து உடம்பு சோர்ந்து போகும் என்று அவர்தான் விளக்கினார். வைட்டமின் டியும் பாதாளத்தில் கிடந்தது. அது மிகவும் குறைந்தால் தொடை, இடுப்பு, தோள் தசைகள்தான் முதலில் தளரும். நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்றுகிறீர்களா என்று கேட்டார். அவர் கேட்கும்வரை நான் அப்படித்தான் எழுகிறேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை.

ஆகவே போகிறவர்கள் சீட்டிலேயே பெயர் பெயராக எழுதி வாங்குங்கள்: ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், துத்தநாகம். கூடவே தைராய்டும். சீலியாக் உள்ளவர்களுக்குத் தைராய்டுக் கோளாறு சேர்ந்து வருவது சகஜம், அதன் சோர்வும் இதே மாதிரிதான் இருக்கும்.

இரும்பு மாத்திரை என்னைப் படாத பாடு படுத்தியது. தினமும் போட்டால் குமட்டல், மலச்சிக்கல். ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னார் மருத்துவர். இப்படி இடைவெளி விட்டால் உறிஞ்சுவதும் நன்றாக இருக்குமாம். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் அந்த நேரத்தில் பக்கத்தில் வரக்கூடாது, சில மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும். அப்படியும் ஃபெரிட்டின் அசையாவிட்டால் ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்றுவார்கள். குடல் ஆறாதவர்களுக்கு மாத்திரை எடுபடாமல் போவது புதிதல்ல, அதற்காக உங்களையே நொந்துகொள்ளாதீர்கள்.

இனி உணவு ஆலோசகர். நல்ல வழவழப்பான தாளில் அச்சடித்த அட்டவணை கொடுத்தார். காலையில் முழுக்கோதுமை ரொட்டி! சீலியாக் என்று மேலேயே பேனாவால் எழுதிவிட்டு, கீழே முழுக்கோதுமை ரொட்டி. சுட்டிக் காட்டினால் "ஓ, அதை மட்டும் விட்டுடுங்க" என்றார். அதே தாளில் தெம்புக்கென்று மால்ட் பானம் வேறு. மால்ட் என்றாலே பெரும்பாலும் முளைகட்டிய பார்லி. சோயா சாஸிலும் கோதுமை இருக்கும். ஓட்ஸ் வாங்கினால் குளூட்டன் இல்லை என்று அச்சிட்டிருக்க வேண்டும், அதுவும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பல நாடுகளில் அந்த வாசகத்தைப் போட ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது விதி. மாத்திரைகளில் வெறுமனே ஸ்டார்ச் என்று இருந்தால் எந்த ஸ்டார்ச் என்று மருந்தாளரைத் துருவிக் கேளுங்கள்.

குளூட்டன் இல்லாத பிஸ்கட்டும் ரொட்டியும் தின்று எடை கூடும், தெம்பு கூடாது. பெரும்பாலானவை வெறும் மாவுச்சத்து, நார்ச்சத்தும் குறைவு. வேளைக்கு வேளை முட்டை, மீன், பருப்பு, கடலை என்று புரதம் வைத்த பிறகுதான் எனக்கு மாற்றம் தெரிந்தது. முதலில் பால் ஒத்துக்கொள்ளவில்லை. பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி அந்தக் குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் சுரக்கிறது, நுனியே இல்லாதபோது எங்கே சுரக்கும்? பல மாதம் கழித்து மெல்லத் திரும்பியது.

உடற்பயிற்சியை நாற்காலியில்தான் ஆரம்பித்தேன். கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுவது, உட்கார்வது. சிரிக்காதீர்கள், முதல் வாரம் அதற்கே தொடை நடுங்கியது. அப்புறம் சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, கையில் தண்ணீர் பாட்டில் தூக்குவது. செய்த அன்று எப்படி இருக்கிறது என்பதைவிட மறுநாள் காலை எப்படி எழுகிறோம் என்பதுதான் கணக்கு. மறுநாள் படுத்துவிட்டால் அளவைக் குறைத்தேன். உற்சாகத்தில் ஒரேயடியாகக் கூட்டச் சொன்ன பயிற்சியாளரை மரியாதையாக விட்டு விலகினேன். இப்போது படியில் நிற்காமல் ஏறுகிறேன், பையும் கையில் இருக்கும்.

டி.டி.ஜி. இறங்கிவிட்டது. இறங்கிய உடனே குடல் ஆறிவிட்டது என்று பொருளில்லை என்பதால் கண்காணிப்பு தொடர்கிறது. எலும்பு அடர்த்திக்கான டெக்ஸா ஸ்கேன் இன்னும் பாக்கி.

இதற்கிடையே தங்கையோடு ஒரு மல்லுக்கட்டு. சீலியாக் உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோரும் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை பரிசோதித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. "எனக்கு எதுக்குக்கா டெஸ்ட்டு, நானும் கோதுமையை நிறுத்திடறேன், தீர்ந்தது" என்று கிளம்பினாள். நிறுத்திவிட்டுப் போனால் இருக்கிற நோயும் பரிசோதனையில் சிக்காது. ரத்தம் கொடுக்கிற நாள்வரை ஒழுங்காக ரொட்டியைத் தின்னு என்று அவளை மிரட்டி வைத்திருக்கிறேன்.