வாத்தோட மல்லுக்கட்டிற பெடியன்

லண்டனில இருக்கிற மச்சான் ஒரு போட்டோ அனுப்பினவர், பழைய மிட்லண்ட் பாங்கின்ர தலைமையகம், நியூடெல்லியப் பிளான் பண்ணின அதே லுட்யன்ஸ்தான் இதுக்கும் ஆள், 1924இல துவங்கின வேலை. மூலையில நிமிந்து பாத்தா கல்லில ஒரு குண்டுப் பெடியன், ஒரு பெரிய வாத்தோட மல்லுக்கட்டுறான்! பாங்குக்கு சிங்கம் வைப்பாங்கள், இதென்னடா வாத்து எண்டு தேடிப் பாத்தா, அந்தத் தெரு முந்தி கோழி வாத்து விக்கிற சந்தையாம், அதுக்காண்டித்தான் வில்லியம் ரீட் டிக் எண்ட சிற்பி இதைச் செய்தவர். அவ்வளவு காசு புழங்கின இடத்தில சந்தைச் சனத்துக்கும் ஒரு மூலை குடுத்திருக்கினம், அது எனக்கு நல்லாப் பிடிச்சுது. இப்ப பாங்க் இல்ல, 2017இல இருந்து ஹோட்டல், கீழ லாக்கர் அறை பார் ஆகிட்டுது (மச்சான் உள்ள போயிருப்பார், எங்களுக்குச் சொல்லமாட்டார்).

எங்கட கிளிநொச்சியிலயும் ஏ9 ரோட்டு நீளத்துக்கு பாங்குகள்தான், கண்ணாடியும் போர்டும். ஒண்டிலயாவது இரணைமடுக் குளத்துத் தண்ணியில நெல்லு விதைக்கிற ஆளையோ, அறுத்துக்கொண்டு ஓடுற மாட்டுக்கண்டைப் பிடிக்கிற பெடியனையோ வைக்கலாம்தானே? என்ர வோட்டு முறிகண்டியில கச்சான் விக்கிற ஆச்சிக்கு. நீங்கள் ஆரை வைப்பியள், கீழ எழுதுங்கோ.