புத்தம் புதிய காருக்கு மறுபூச்சு: ஹட்டனில் நான் பட்ட பாடு

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்ட பிறகு, வரியோடு சேர்த்துப் பெருந்தொகை கொடுத்து வெள்ளி நிறக் கார் ஒன்றை வாங்கினேன். லீசிங், பதிவு, காப்புறுதி யாவும் தடையின்றி முடிந்தன. தொல்லை முழுவதும் இடதுபக்கப் பின்கதவில் இருந்தது.

கொழும்பு விற்பனை நிலையத்தின் மின்விளக்குகளுக்குக் கீழே, கழுவிய ஈரம் காயாத நிலையில்தான் கார் கையளிக்கப்பட்டது. ஈரம் கீறல்களை மறைக்கும். மின்விளக்கு நிற வேறுபாட்டை மறைக்கும். ஹட்டனில் மறுநாள் காலை, சாய்வாக விழுந்த வெயிலில் அந்தக் கதவு மட்டும் சற்றுக் கறுத்துத் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். கண்ணாடியோர ரப்பர் பீடிங்கில் வெள்ளிப் பொடி படிந்திருந்தது. கைப்பிடிக்குக் கீழே, நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டுக்குள் கடுகளவு தூசி ஒன்று மேடாக நின்றது. தொழிற்சாலையில் ரப்பர்களைப் பூட்டுவதற்கு முன்பே நிறம் அடித்துவிடுவார்கள். ஆகவே ரப்பரில் நிறம் இருந்தால், அது பிற்பாடு அடிக்கப்பட்டது என்று கொள்ளலாம்.

டிக்கோயாவில் எனக்குத் தெரிந்த டிங்கரிங் பாஸ் ஒருவர் பெயின்ட்டின் தடிப்பை அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தார். கூரையில் 115 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அந்தக் கதவில் 500ஐத் தாண்டியது. “தம்பி, இது கம்பனி பெயின்ட் இல்ல. உள்ளுக்குப் புட்டியும் இருக்கு” என்றார். புட்டி என்பது தகட்டின் பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை. பெரும்பாலான கார்களில் தொழிற்சாலைப் பூச்சு 90 முதல் 150 மைக்ரோனுக்குள் அடங்கிவிடும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சாதாரணக் கருவி அங்கே பயன்படாது. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

கப்பலில் வரும் வாகனத்தில் அடிபடுவது வழமை என்றும், அதைச் சரிசெய்துதான் கொடுப்போம் என்றும் விற்பனை நிலைய அதிகாரி சொன்னார். அடிபட்டதை நான் குறை கூறவில்லை. சொல்லாமல் மறைத்து, முழு விலைக்கு விற்றதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. அடுத்ததாக, காப்புறுதியில் கோரிக்கை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள். சேதம் உங்கள் கைக்கு வருவதற்கு முன் நேர்ந்தது. அதை உங்கள் கோரிக்கையாகப் பதிந்தால் கோரிக்கை வைக்காதவருக்குக் கிடைக்கும் கட்டணக் கழிவான நோ கிளைம் போனஸ் போவதோடு, தவறான தகவல் கொடுத்த பொறுப்பும் உங்கள் தலையில் விழும்.

பிறகு விற்பனை நிலையத்தாரே குறித்துக்கொடுத்த மலையகப் பட்டறை ஒன்றில் முதல் திருத்தம் நடந்தது. அது பழைய வேலையை விட மோசமாக முடிந்தது. தூசி புகாமல் நிறம் அடிக்கும் மூடிய அறையான ஸ்பிரே பூத் இல்லை. தார்ப்பாய் மறைப்புக்குள், மூடுபனி இறங்கிய பிற்பகலில் அடித்தார்கள். தின்னர் ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது; அதனால் கிளியர் கோட் பால் படர்ந்தாற்போல் வெளுத்துவிடுகிறது. எங்கள் பக்கத்துக் குளிருக்கும் ஈரத்துக்கும் ஏற்ற தின்னரும், பூச்சை இறுகச் செய்யும் ஹார்ட்னரும் சேர்த்து, சூடாக்கிய மூடிய இடத்தில் அடித்தால் ஒழிய இந்தக் குறை நீங்காது. அவர்களோ மேற்பரப்பைத் தேய்த்து மினுக்கும் கட் அண்ட் பொலிஷ் போட்டு மறைக்கப் பார்த்தார்கள். வெளுப்பு அரைகுறையாகப் போயிற்று. வெயிலில் வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரிந்தன. செய்த வேலையைக் குறிக்கும் ஜொப் கார்ட்டில் “கதவு பொலிஷ்” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

அந்த ஜொப் கார்ட்டில் நான் கையெழுத்திடவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, பொருளை வாங்கிய மூன்று மாதங்களுக்குள் அந்த அதிகார சபையிடம் எழுத்தில் முறையிட வேண்டும். விற்பனையாளர் “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று இழுத்தடிக்கும்போது இந்தக் காலம் கரைந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். வெயிலில் எடுத்த படங்களையும் ஒவ்வொரு பெனலின் மைக்ரோன் அளவுகளையும் இணைத்து, விற்பனை நிலையத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, அதன் பிரதியை அதிகார சபைக்கும் அனுப்பினேன். அதுவரை திரும்ப அழைக்காதவர்கள் தாமாகவே தொலைபேசியில் அழைத்தார்கள்.

இம்முறை, வேலை எப்படி நடக்கும் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கினேன். பழைய பூச்சையும் புட்டியையும் தகடு வரை சுரண்ட வேண்டும். ரப்பரையும் கைப்பிடியையும் கழற்றி வைத்துவிட்டு அடிக்க வேண்டும். பூத்துக்குள் சுமார் 60 பாகை செல்சியஸில் காயவைக்க வேண்டும். முன்கதவுக்கும் பின் மட்காட்டுக்கும் நிறத்தைப் படிப்படியாகக் கலந்துவிட வேண்டும். மெட்டாலிக் நிறத்தில் இந்தக் கடைசி நிபந்தனை மிக முக்கியம். நிற இலக்கம் அதேயானாலும், வெள்ளித் துகள்கள் படியும் விதம் மாறினால் சாயல் மாறிவிடும். எனவே ஒரு கதவை மட்டும் தனியே அடித்தால் அது தனியாகத்தான் தெரியும்.

கண்டியில் பூத் உள்ள பட்டறையில் வேலை நடந்தது. காரை எடுக்கும்போது ஈரமில்லாமல் வெளியே நிறுத்தச் சொல்லி, நின்றும் குனிந்தும் பல கோணங்களில் பார்த்தேன். கதவில் 180 மைக்ரோன். சாயல் வேறுபாடு எந்தப் பக்கத்திலிருந்தும் தெரியவில்லை. இரு மாதங்களுக்கு வேக்ஸ் போடக் கூடாது என்று அந்தப் பட்டறை பாஸ் சொன்னதைக் கடைப்பிடிக்கிறேன். பூச்சுக்கான உத்தரவாதம் தொடரும் என்ற கடிதமும் கைக்கு வந்துவிட்டது. மறுபூச்சுப் பட்ட காரின் மறுவிற்பனை விலை குறையும் என்பதற்காக நான் கேட்ட இழப்பீட்டுக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. அதிகார சபைக்கு அனுப்பிய முறைப்பாட்டை நான் மீளப்பெறவில்லை.