கையெழுத்தோடு முடிந்துபோன கவுன்சலிங்

குழந்தைக்காக நாங்கள் எடுத்துக்கொண்ட சோதனைக்குழாய் சிகிச்சையில் ஊசிகள், ஸ்கேன், கருமுட்டை எடுத்தல் எல்லாம் குறித்த நாளில் நடந்தன; அவற்றில் எனக்குக் குறையில்லை. இன்னும் ஆறாமல் இருப்பது, அந்தத் தனியார் கருத்தரிப்பு மையத்தில் கவுன்சலிங் என்ற பெயரில் நடந்ததுதான். ஆலோசகர் என்று அறிமுகப்படுத்தப்பட்டவர், கட்டண பேக்கேஜையும் தவணை வசதியையும் விளக்கிவிட்டு, ஆலோசனை பெற்றுக்கொண்டதாக அச்சிட்ட படிவத்தில் எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

கருவை உள்ளே வைத்தபின் கர்ப்பத்தை உறுதிசெய்யும் பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருந்த இரண்டு வாரங்களில் எதைத் தவறவிட்டோம் என்பது புரிந்தது. கரு தங்கவில்லை என்பதைத் தொலைபேசியில் சொன்ன செவிலியர், அதே மூச்சில் அடுத்த சைக்கிளுக்கு, அதாவது அடுத்த சுற்று சிகிச்சைக்கு, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். அந்த மாதம்தான் நாத்தனாரின் வளைகாப்பு. போனால் வளையல் அடுக்க என்னை அழைக்காமல் தாண்டிப் போவார்களோ என்ற பயம். போகாவிட்டால் பொறாமை என்ற பேச்சு. குறை கணவரின் விந்தணு எண்ணிக்கையில் இருந்தும், திருக்கருகாவூர் கோயில் நெய்யை வாங்கிச் சாப்பிடும்படி எல்லோரும் என்னிடமே சொன்னார்கள். அவரோ வீட்டில் பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

சிகிச்சையின் விளைவுகளையும் வெற்றி வாய்ப்பையும் பற்றித் தம்பதிக்குத் தொழில்முறை ஆலோசனை வழங்க வேண்டியது மையத்தின் கடமை என்று 2021-ஆம் ஆண்டின் உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. இதைச் சுட்டிக்காட்டிக் கேட்டபோது, உளவியலாளர் சனிக்கிழமை வருவார் என்றார்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு போனோம். மதியம்வரை உட்கார வைத்துவிட்டு, அவர் இன்று வரவில்லை என்றார்கள்.

கடைசியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டுப் போட்டுக்கொண்டு உளவியலாளரைப் பார்த்தோம். எங்களைத் தனித்தனியாகவும் பிறகு சேர்த்தும் பேசவைத்தார். விந்தணுப் பரிசோதனை அறிக்கை வந்த நாளிலிருந்து தன்னால் தூங்க முடியவில்லை என்று என் கணவர் அங்கேதான் முதன்முதலாகச் சொன்னார். குறை தன்னிடம் இருப்பதைத் தன் தாயிடம் அவரே சொல்ல முன்வந்ததும், வளைகாப்புக்குச் சீர் அனுப்பிவிட்டு நான் வீட்டிலேயே இருந்துகொள்ள மாமியாரே சம்மதித்ததும் அதன்பிறகு நடந்தவை.

முன்பணம் கட்டுவதற்குமுன் ஆலோசகரின் படிப்பு என்ன, சிகிச்சை பலிக்காவிட்டாலும் அவரைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். ஆலோசனை கிடைக்கும்வரை அந்தப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். கணவரையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். இரவில் மனம் தாங்காதபோது, அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் இலவச எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசலாம்.