புரொடக்‌ஷன் சர்வருக்குள் போனால் ஜன்னல் சிவக்க வேண்டும்: வெஸ்டெர்மில் பிளகின் எழுதிய கதை

கடைசியில் வேலை செய்கிறது. புரொடக்‌ஷன் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் போட்டால், அதாவது தொலைவிலிருந்து இணைந்தால், டெர்மினலின் (கட்டளைகள் தட்டும் ஜன்னலின்) பின்னணி அடர் சிவப்பாகிறது, வெளியே வந்ததும் பழைய நிறத்துக்குத் திரும்புகிறது. கேட்க ரொம்பச் சின்ன விஷயம். ஆனால் இதற்காகப் போன மாலைப் பொழுதுகளை நினைத்தால் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. இதே வழியில் வருகிறவர்கள் இவ்வளவு அலைய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

இது அழகுக்காகச் செய்த வேலை இல்லை. எங்கள் குழுவில் ஒருவர் சோதனை சர்வர் என்று நினைத்து நிஜமான (புரொடக்‌ஷன்) சர்வரில் ஒரு சேவையை நிறுத்திவிட்டார். இரண்டு ஜன்னலும் ஒரே கறுப்பு, ஒரே எழுத்துரு. இரவு பதினோரு மணிக்கு யாராக இருந்தாலும் அது நடந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும்படி ஒரு வித்தியாசம் வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

வெஸ் ஃபர்லாங் எழுதிய வெஸ்டெர்ம் என்ற டெர்மினல் நிரலைத்தான் நாங்கள் பயன்படுத்துகிறோம். அதன் கான்ஃபிக் (அமைப்புகள்) முழுவதும் லுவா 5.4 என்ற நிரல் மொழி. அதாவது கான்ஃபிக் கோப்பே ஒரு நிரல்தான், நிகழ்வுகளுக்கு நம் ஃபங்ஷனைக் கட்டிவிடலாம். நிறுவுவது, கான்ஃபிக் கோப்பை உருவாக்குவது, எழுத்துரு வைப்பது எல்லாம் ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்தன.

முதல் தொல்லை அடுத்தவர் பிளகினில் வந்தது. டேப் பட்டையை அழகாக்கும் ஒரு பிளகினை (கூடுதல் வசதி தரும் துணை நிரலை) ஏற்கெனவே போட்டு வைத்திருந்தேன். பிளகின் சேர்ப்பது ஒரே வரி: கோடு இருக்கும் கிட் களஞ்சியத்தின் முகவரியைக் கொடுத்தால் வெஸ்டெர்மே அதை இறக்கி ஓட்டும். அதற்குக் கீழே, டேப் தலைப்பில் சர்வர் பெயரைச் சிவப்பில் காட்ட, ஃபார்மட்-டேப்-டைட்டில் நிகழ்வுக்கு என் ஃபங்ஷனை எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிழைச் செய்தி இல்லை, லாகிலும் (நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவிலும்) ஒரு வரி இல்லை. லுவாவைச் சந்தேகித்து, எழுத்துப் பிழையைத் தேடி, வெஸ்டெர்மை மூடித் திறந்து, எதுவும் பலிக்கவில்லை. பிளகினை எழுதியவரிடம் கேட்டேன். எல்லாம் விளக்கக் குறிப்பிலேயே இருக்கிறது என்று ஒரு வரியில் பதில் சொல்லி விஷயத்தை மூடிவிட்டார். அவருடைய குறிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தேன், இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

பதில் வெஸ்டெர்மின் சொந்த ஆவணத்தில் இருந்தது. பல நிகழ்வுகளுக்கு எத்தனை ஃபங்ஷன் வேண்டுமானாலும் கட்டலாம், வரிசையாக ஓடும். ஃபார்மட்-டேப்-டைட்டில் அப்படி இல்லை. முதலில் பதிவானது ஒன்றுதான் ஓடும், மற்றவை கண்டுகொள்ளப்படாது. பிளகின் முதலில் பதிவு செய்துகொண்டதால் என்னுடையது கூப்பிடப்படவே இல்லை. என் ஃபங்ஷனை பிளகின் வரிக்கு மேலே நகர்த்தினேன், ஓடியது. ஆனால் பிளகினின் அலங்காரம் மொத்தமும் போய்விட்டது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். பிளகினை எடுத்துவிட்டேன்.

எடுத்தது நல்லதாகவே போயிற்று, ஏனென்றால் அப்போதுதான் அதன் கோடைத் திறந்து பார்த்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன்: வெஸ்டெர்ம் பிளகினுக்கு வேலி எதுவும் கிடையாது. கோப்பைப் படிக்கலாம், எழுதலாம், வேறு நிரலை ஓட்டலாம், உங்கள் கணக்குக்கு என்னென்ன உரிமை உண்டோ எல்லாம் அதற்கும் உண்டு. உங்கள் எஸ்எஸ்ஹெச் சாவிகளும் அதே கணக்கில்தான் இருக்கின்றன. படிக்காமல் எதையும் போடாதீர்கள். ஒரு ஆறுதல், ஒருமுறை இறக்கிய பிளகின் தானாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை. அப்டேட்-ஆல் என்று நீங்கள் கூப்பிட்டால்தான் புதியது வரும். கூப்பிடும் முன் என்ன மாறியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

சரி, டேப் தலைப்பு போதாது, பின்னணியே மாற வேண்டும் என்று அடுத்த கட்டத்துக்குப் போனேன். இங்கே உண்மையான கேள்வி, எந்த சர்வரில் இருக்கிறோம் என்று டெர்மினலுக்கு எப்படித் தெரியும் என்பதுதான். ஜன்னல் தலைப்பைப் படிக்கலாம் என்று பலரும் சொல்கிறார்கள். உபுண்டுவில் புராம்ப்ட் (கட்டளைக்காகக் காத்திருக்கும் வரி) தலைப்பை மாற்றும், ஆனால் உள்ளே விம் எடிட்டரைத் திறந்தால் அதுவும் மாற்றலாம். நம்ப முடியாது. ஓடும் நிரலின் பெயரைக் கேட்டால் எஸ்எஸ்ஹெச் என்று மட்டும் வரும். அதன் ஆர்குமென்ட்களையும் எடுக்கலாம்தான், ஆனால் உள்ளூரில் டிமக்ஸ் (ஒரே டெர்மினலில் பல அமர்வுகளை நடத்தும் நிரல்) ஓடினால் டிமக்ஸ் என்பதோடு நின்றுவிடும்.

சரியான வழி யூசர் வேரியபிள், அதாவது டெர்மினலில் நாமே பெயர் வைத்துப் பதியும் மதிப்பு. ஓஎஸ்சி 1337 என்ற எஸ்கேப் வரிசை (திரையில் தெரியாமல் டெர்மினலுக்கு உத்தரவு சொல்லும் குறிகள்), முதலில் ஐடெர்ம்2 என்ற டெர்மினல் கொண்டுவந்தது, வெஸ்டெர்மும் புரிந்துகொள்ளும். ஒரு பெயர், ஒரு மதிப்பு, மதிப்பு பேஸ்64 என்ற குறியாக்க வடிவில். அதை அச்சிட்டால் அந்தப் பேனில் (ஜன்னலின் அந்தப் பகுதியில்) வேரியபிள் பதிவாகிவிடும், லுவாவில் படித்துக்கொள்ளலாம். இதில் ஒரு கண்ணிவெடி உண்டு. சும்மா எக்கோ செய்து பேஸ்64 ஆக்கினால் வரி முடிவுக் குறியும் சேர்ந்து உள்ளே போய்விடும். லாகில் பார்த்தால் மதிப்பு சரியாகவே தெரியும், லுவாவில் ஒப்பிட்டால் மட்டும் பொருந்தாது. எக்கோவை விட்டுவிட்டு பிரின்ட்-எஃப் பயன்படுத்துங்கள். டிமக்ஸுக்குள் இருந்தால் இந்த வரிசையை அது விழுங்கிவிடும். டிமக்ஸ் 3.3 முதல் அலவ்-பாஸ்த்ரூ என்ற அமைப்பை ஆன் செய்ய வேண்டும், வரிசையையும் அதற்கான உறையில் போட்டு அனுப்ப வேண்டும். வெஸ்டெர்மோடு வரும் ஷெல் (கட்டளைகளை ஓட்டும் நிரல்) ஸ்கிரிப்ட் இந்த உறையைத் தானே போட்டுவிடும், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் பெரிய அலைச்சல். ஒவ்வொரு புரொடக்‌ஷன் சர்வரிலும், லாகின் ஆனதும் ஓடும் ஸ்கிரிப்டில் வேரியபிளை அச்சிடும் ஒரு வரியைச் சேர்த்தால் போதும் என்று நினைத்து, சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் அணியிடம் போனேன். மாற்றக் கோரிக்கைப் படிவம் நிரப்பச் சொன்னார்கள். நிரப்பினேன். பின்விளைவு என்ன, திரும்பப் பெறும் திட்டம் என்ன, எந்த வாடிக்கையாளருக்குப் பாதிப்பு என்று கேள்விகள் வந்தன. எழுதிக் கொடுத்தேன். நிறம் மாற்றுவதற்காக புரொடக்‌ஷனைத் தொட முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் விதியில் நியாயம் இருக்கலாம். ஆனால் தவறான சர்வரில் கட்டளை ஓடாமல் தடுக்கும் ஒரு வரியை நிறம் மாற்றும் வேலை என்று தள்ளியது எனக்கு இன்னும் வலிக்கிறது.

அந்த மறுப்புதான் நல்ல வழியைக் காட்டியது. சர்வரைத் தொடவே வேண்டாம். ஓபன் எஸ்எஸ்ஹெச்சின் கான்ஃபிக்கில் லோக்கல்-கமாண்ட் என்று ஒன்று உண்டு. இணைப்பு கிடைத்ததும் அந்தக் கட்டளை நம் கணினியிலேயே ஓடும். பெர்மிட்-லோக்கல்-கமாண்ட் என்பதையும் யெஸ் என்று வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சத்தமில்லாமல் விட்டுவிடும். புரொடக்‌ஷன் ஹோஸ்ட் பெயர்களுக்கான பகுதியில் இதைப் போட்டு, வேரியபிளை அச்சிட வைத்தேன்.

இதில் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்கில் சதவீதக் குறிக்குத் தனிப் பொருள் உண்டு. பிரின்ட்-எஃப் எழுதும்போது ஒவ்வொரு சதவீதக் குறியையும் இரட்டிப்பாக்குங்கள், இல்லையென்றால் எஸ்எஸ்ஹெச் இணையவே மறுக்கும். இரண்டாவது இன்னும் மோசம். மறுநாள் காலை, எஸ்எஸ்ஹெச் வழியாகக் கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் உடைந்து கிடந்தது, ஷெல் சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டு ஒரு பிழை. காரணம், லோக்கல்-கமாண்ட் அச்சிடுவது எஸ்எஸ்ஹெச்சின் வெளியீட்டிலேயே கலக்கிறது. கோப்பு நகலெடுக்கும் எஸ்சிபி தானே லோக்கல்-கமாண்டை அணைத்துவிடும். ஆர்சிங்க் அணைக்காது, அதன் தரவுக்கு நடுவே நம் எஸ்கேப் வரிசை நுழைந்துவிடும். வெளியீட்டை நேராக, டெர்மினலைக் குறிக்கும் டெவ் டிடிஒய்க்குத் திருப்பிவிட்டால் தீர்ந்தது. இதை முதலிலேயே செய்துவிடுங்கள்.

வெளியே வந்ததும் நிறம் திரும்ப வேண்டுமே. யூசர் வேரியபிள் தானாக அழியாது. எஸ்எஸ்ஹெச் முடிந்தாலும், நெட்வொர்க் அறுந்தாலும் பழைய மதிப்பு அப்படியே நிற்கும். அதனால் உள்ளூர் ஷெல்லில், பேஷ் என்றால் புராம்ப்ட்-கமாண்டில், இசட்ஷெல் என்றால் ப்ரீ-சிஎம்டியில், ஒவ்வொரு புராம்ப்ட்டுக்கும் முன் வேரியபிளைக் காலியாக்கும்படி வைத்தேன். எப்படி வெளியேறினாலும் உள்ளூர் புராம்ப்ட் வந்தே தீரும், சிவப்பும் போயே தீரும். இந்த முழு வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

லுவா பக்கம் மிச்சம். நிறத்தை மாற்றுவது செட்-கான்ஃபிக்-ஓவர்ரைட்ஸ் என்ற ஃபங்ஷன். இது பேனுக்கு உரியது அல்ல, முழு ஜன்னலுக்கும் உரியது. ஆகவே வேரியபிள் மாறும்போது வரும் நிகழ்வில் நிறத்தை மாற்றினால், பின்னால் இருக்கும் டேப்பில் நடந்ததற்கு முன்னால் இருக்கும் டேப் சிவக்கும். அப்டேட்-ஸ்டேட்டஸ் நிகழ்வில் செய்யுங்கள். அது இயல்பாக 1000 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, நடப்புப் பேனைக் கையில் கொடுத்துக் கூப்பிடும். அந்தப் பேனின் வேரியபிளைப் படித்து நிறத்தை முடிவு செய்யலாம், டேப் மாறினாலும் சரியாக இருக்கும். ஆனால் பழைய நிறமும் புதிய நிறமும் வேறாக இருந்தால் மட்டுமே ஓவர்ரைடைக் கூப்பிட வேண்டும். சும்மா கூப்பிட்டால் ஒவ்வொரு முறையும் கான்ஃபிக் மறுபடி ஏற்றப்படும்.

எல்லாம் ஓடியதும், குழுவில் மற்றவர்களும் போட்டுக்கொள்ள வசதியாகத் தனி பிளகினாக மாற்றினேன். கிட் களஞ்சியத்தில் பிளகின் என்ற அடைவு, அதில் இனிட் டாட் லுவா, அது திருப்பிக் கொடுக்கும் டேபிளில் அப்ளை-டு-கான்ஃபிக் என்ற ஃபங்ஷன். அவ்வளவுதான். எழுதும்போது ஃபைல் முகவரி கொடுத்து உள்ளூர் அடைவிலிருந்தே ஏற்றலாம். ஆனால் அப்போதும் வெஸ்டெர்ம் அதை நகலெடுத்துத் (குளோன்) தன் இடத்தில் வைத்துத்தான் ஓட்டுகிறது. நீங்கள் கோப்பில் செய்த மாற்றம் கமிட் செய்து (கிட்டில் பதிந்து), அப்டேட்-ஆல் கூப்பிட்ட பிறகுதான் தெரியும். அதுவும் களஞ்சியத்தின் இயல்புக் கிளையில் (பெரும்பாலும் மெயின் அல்லது மாஸ்டர்) இருக்க வேண்டும். என்ன நடக்கிறது என்று பார்க்க கன்ட்ரோல், ஷிஃப்ட், எல் அழுத்துங்கள். லாக் தெரியும், கீழே லுவாவைத் தட்டிப் பார்க்கவும் இடம் இருக்கும். இதை ஆரம்பத்திலேயே திறந்து வைத்துக்கொண்டால் பாதி நேரம் மிச்சமாகும்.

குழுவில் இப்போது எல்லோரும் இதைப் போட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு ஓட்டை உண்டு: பாஸ்டியன் சர்வருக்குள் (உள் சர்வர்களுக்கு வழிவிடும் இடைச் சர்வர்) போய், அங்கிருந்து கையால் எஸ்எஸ்ஹெச் தட்டினால் நம் கணினிக்கு எதுவும் தெரியாது, ஜன்னல் சிவக்காது. அப்படிப் போகிறவர்கள் ஓபன் எஸ்எஸ்ஹெச் 7.3 முதல் இருக்கும் ப்ராக்ஸி-ஜம்ப்பை (இடைச் சர்வரைத் தானே கடந்து போகும் வசதி) எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்கில் வைத்து, கடைசி சர்வரின் பெயரை நேராகத் தட்டுங்கள்.