வெள்ளத்துக்கு உண்டு, ஓதத்துக்கு இல்லை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்த பிறகும் வேளச்சேரியில் உள்ள எங்கள் தரைத்தள வீட்டுக்குள் முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றது. வடிந்ததும், வீட்டுக் கடன் வாங்கியபோதே வங்கி காப்பீடு எடுத்திருக்கிறதே என்ற தைரியத்தில் கோப்பைத் திறந்து பார்த்தேன். அதில் இருந்ததோ, நான் இறந்துவிட்டால் மீதிக் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு. வீட்டின் சுவருக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. முந்தைய ஆண்டில் என் மனைவி தனியாக எடுத்து வைத்திருந்த பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசிதான் எங்களுக்குக் கைகொடுத்தது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுப்படி, 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கிவரும் பொதுவான பாலிசி இது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடிப்பது ஆகியவற்றால் ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு உண்டு. திடீரென நிகழ்வதற்குத்தான் பணம். நாள்பட்ட தேய்மானத்துக்கு இல்லை. சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்த அன்றுதான் இந்த வேறுபாடு எனக்கு உறைத்தது. கூடத்துச் சுவரில் சேறு படிந்த கோட்டை டேப் வைத்து அளந்து படமெடுத்துக்கொண்டவர், குளியலறையை ஒட்டிய சுவரில் நாள்பட்ட ஈரத்தால் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்த பூச்சைக் கட்டைவிரலால் சுரண்டினார். அடியில் இரண்டு முறை பட்டி பார்த்து அடித்த பழைய பெயின்ட் அடுக்குகள் தெரிந்தன. "சார், இது இந்த வெள்ளத்தில் வந்தது இல்லை" என்றார். அவர் சொன்னது சரிதான்.

பலரும் தடுமாறும் இடம் காப்பீட்டுத் தொகை. எண்பது லட்சத்துக்கு வாங்கிய ஃபிளாட்டுக்கு எண்பது லட்சம் கிடைக்கும் என்று எண்ணக் கூடாது. கட்டடத்தை மீண்டும் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு, நிலத்தில் நமக்குள்ள பிரிபடாத பாகத்தின் மதிப்பு அதில் சேராது. கட்டடத்தோடு வீட்டுப் பொருள்களுக்கும் சேர்த்து எடுத்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், பட்டியல் கொடுக்காமலேயே பொருள்களுக்குக் கிடைக்கும். நகைகளுக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்; பீரோவில் வைத்த ரொக்கம் நனைந்து போனால் இழப்பீடு கிடையாது.

திருட்டு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வெள்ளம் போன்ற நிகழ்வின் விளைவாக ஏழு நாள்களுக்குள் நடந்த திருட்டை மட்டுமே இந்தப் பாலிசி ஏற்கும். ஊருக்குப் போயிருந்தபோது பூட்டை உடைத்தார்கள் என்றால் அதற்கு வேறு பாலிசி வேண்டும். மின்கசிவால் ஃபிரிட்ஜ் எரிந்தால் அந்த ஃபிரிட்ஜுக்கு இழப்பீடு இல்லை, ஆனால் அதிலிருந்து தீ பரவிச் சமையலறை எரிந்தால் சமையலறைக்கு உண்டு. கீழே நிறுத்தியிருந்த கார் முற்றிலும் வாகனக் காப்பீட்டைச் சேர்ந்தது.

எங்களுக்குக் கதவுகள், மின் இணைப்புகள், மெத்தை, ஃபிரிட்ஜ் ஆகியவற்றுக்குத் தொகை வந்தது. லிஃப்ட்டும் சம்ப் மோட்டாரும் பொதுச் சொத்து என்பதால் அவற்றை என் பாலிசியில் கேட்க முடியவில்லை. குடியிருப்போர் சங்கம் அவற்றுக்குக் காப்பீடு எடுத்திருக்கவில்லை. பழுதுபார்ப்புச் செலவைப் பன்னிரண்டு வீடுகளும் பங்கிட்டுக் கொடுத்தோம். சங்கத்தின் பெயரில் பாலிசி எடுக்க வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவுக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.